பிளேன்ரீயில் வைன் பழகியவர்

சாகிறதுக்கு முதல் ஒரு கிளாஸ் வைன் குடித்துவிட வேண்டும் என்று பிலேந்திரன் முடிவெடுத்தார்.

இதெல்லாம் ஒரு முடிவா என்று கேட்பீர்கள். குடிக்கிறவனுக்கு இல்லைத்தான். பிலேந்திரனுக்கு இது மலையைப் பெயர்க்கிற காரியம். அதுவும் கண்ட இடத்தில் குந்தியிருந்து, கண்ட கிளாசில் ஊற்றிக் குடிக்கிற கதை இல்லை. திராட்சை விளைகிற ஊருக்கே போகவேண்டும். தோட்டத்துக்கு நடுவில் ஒரு கதிரையைப் போடவேண்டும். பொழுதுபடுகிற நேரமாக இருக்கவேண்டும். ஒரேயொரு கிளாஸ். அதை ஆறுதலாக, பக்கத்தில் ஒருவரும் இல்லாமல் குடித்து முடிக்கவேண்டும். முக்கியமாக மெற்றில்டா இருக்கக்கூடாது.

மெற்றில்டா அவருடைய மனிசி.

பிலேந்திரன் நல்ல மனுசன்தான், ஆனால் கனவுக்காரன். திருகோணமலைத் துறைமுகத்தில் கிறேன் ஓட்டி ஓய்வெடுத்தவர். மேலே அந்தச் சின்னக் கூட்டுக்குள் இருந்துகொண்டு, கோதுமைக் கப்பல் வந்தால் கோதுமையைப் பார்க்கமாட்டார். அது விளைந்த வயலைப் பார்ப்பார். அந்த வயலில் காற்று அடிக்கிறதும் அவருக்குத் தெரியும். ஒருநாள் அந்தக் காற்றில் போனவர் போனவர்தான். கொக்கியில் தொங்கின சாமானை இறக்க மறந்துபோனார். கீழே நின்ற ஆட்கள் கழுத்து நோக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஓய்வெடுத்த பிறகு கிறேன் போய்விட்டது, கனவு போகவில்லை. உவர்மலையில் அவருடைய வீட்டுப் பின்விறாந்தையில் இருந்து பார்த்தால் உள்துறைமுகம் முழுக்கத் தெரியும். பின்னேரம் சீனன்குடாப் பக்கம் சூரியன் இறங்கும்போது தண்ணீர் முதலில் மஞ்சளாகும், பிறகு செம்மஞ்சள், பிறகு ஒரு இருண்ட சிவப்பு. சாய்மனைக் கதிரையில் கால் நீட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாளில்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. இவ்வளவு வைனையும் கடவுள் ஒருத்தருக்கும் கொடுக்காமல் கடலுக்குள் ஊற்றுகிறாரே!

அந்த நேரம் பார்த்து பிரான்சில் இருந்து றெஜினா ரிக்கற் அனுப்பினா. றெஜினா மெற்றில்டாவின் தங்கச்சி. அவவின் மகளின் கலியாணம் செப்டம்பரில். அக்காவும் அத்தானும் கட்டாயம் வரவேணும். விசா எடுத்த பாடு தனிக் கதை, அதை விடுவோம். விசயம் என்னவென்றால், றெஜினாவின் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் திராட்சைத் தோட்டம். றெஜினாவின் புருசன் அன்ரன் வேலை செய்கிறதே அந்தத் தோட்டத்தின் வைன் நிலவறையில். பிலேந்திரனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சந்தோசம் தொண்டை வரைக்கும் நிரம்பியிருந்தது.

தொண்டை என்று சொல்ல, ஒரு பழைய கணக்கும் சொல்லவேண்டும்.

ஒரு நத்தார்ப் பண்டிகைக்குப் பிலேந்திரன் கூட்டாளிகளோடு சாராயம் எடுத்துவிட்டு, கோட்டும் சூட்டுமாக, இறங்குதுறையை றோட்டென்று நினைத்து நேரே நடந்தார். றோட்டு முடிந்தது, அவர் முடிக்கவில்லை. மீன்பிடிக்கிற ஆட்கள் வலை போட்டு எடுத்தார்கள். கோட்டுப் பொக்கற்றுக்குள் மீன் இருந்ததாக ஊர் இன்றைக்கும் சொல்லும். அது சுத்தப் பொய். இறால்.

மெற்றில்டா தலை துடைக்கவும் விடாமல், அந்த ஈரத்தோடேயே ஆளைப் பாலையூற்று லூர்து மாதா கோயிலுக்குக் கொண்டுபோய் முழங்காலில் விட்டா. "மாதாவே, இனி இந்த மனுசன்ர தொண்டைக்குள்ள ஒரு சொட்டும் இறங்காது. இறங்கினால் என்னட்டைக் கேளும்" என்று நேர்த்தி வைத்தா. தொண்டை யாருடையது, நேர்த்தி யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அன்று தொடக்கம் பிலேந்திரன் சோடா, தோடம்பழச் சாறு, பால் விடாத பிளேன்ரீ.

வைன் ஊருக்குப் போனால் என்னென்ன செய்யவேண்டும் என்று ஒரு தாடிக்காரப் பொடியன் யூரியூப்பில் சொல்லித் தந்தான். விடியக்காலமை பனிப்புகார் மூடியிருக்கும்போது கொடிகளுக்கு நடுவால் நடக்கவேண்டும். பழம் பிடுங்குகிற ஆட்களோடு ஒரு கூடை பிடுங்கவேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிக்குள் இறங்கித் திராட்சை மிதிக்கவேண்டும். மத்தியானம் நிலவறைக்குள் போனால் குளிர், இருட்டு, மரப்பீப்பாய் வாசம். கடைசியில் வைன் ருசி பார்க்கிறது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. கிளாசை வெளிச்சத்தில் பிடி, நிறத்தைப் பார். சுற்று. மூக்கை விடு. ஒரு வாய் எடு. நாக்கில் உருட்டு. பிறகு துப்பு.

துப்பு என்ற இடத்தில் பிலேந்திரன் வீடியோவை நிற்பாட்டினார். திரும்பப் போட்டுப் பார்த்தார். ஓம், துப்பத்தான் சொல்லுகிறான்.

சந்தேகத்தை ஜவ்பரிடம் கொண்டுபோனார். ஜவ்பர் குறிஞ்சாக்கேணி ஆள். உவர்மலைச் சந்தியில் ஓட்டோ வைத்திருக்கிறவர். பிலேந்திரனின் கனவுகளைக் காசு வாங்காமல் கேட்கிற ஒரே மனுசன்.

"ஜவ்பர், வைன் எண்டால் குடி இல்லை."

"எனக்கு வெளங்காது அண்ண. நமக்கு அது ஹராம்."

"குடிக்கிறதைக் கதைக்கேல்லையடாப்பா. முதல்ல பாக்கிறது. பேந்து மணக்கிறது."

"அத்தர் மாதிரியா?"

"அத்தர் மாதிரியேதான்! பேந்து வாயில கொஞ்சம் எடுத்து உருட்டுறது."

"மறுகா?"

"மறுகா துப்புறது."

"காசு குடுத்து வாங்கித் துப்புறதா?"

"அதுதான் நாகரிகம்."

"வெத்திலை போட்டா நாங்களுந்தான் துப்புறம். அதுக்கு ஏன் அண்ண பிளேன் ஏறணும்?"

இவருக்கு விளங்காது என்று பிலேந்திரன் வீட்டுக்கு வந்தார். வந்து, பழகத் தொடங்கினார்.

வீட்டில் வைன் ஏது? பிளேன்ரீதான் இருந்தது. நிறமும் ஏறக்குறைய ஒன்றுதான். கலியாணத்துக்கு வந்த காலுள்ள கிளாஸ் இரண்டு அலுமாரியில் கிடந்தது. அதில் ஒன்றை எடுத்துத் துடைத்து, மெற்றில்டா கொண்டுவந்து வைத்த பிளேன்ரீயை அதற்குள் ஊற்றினார். துறைமுகப் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் பிடித்தார். சுற்றினார். மூக்கை விட்டார். கண்ணை மூடினார். ஒரு வாய் எடுத்து, உருட்டி, பக்கத்தில் இருந்த குரோட்டன் சாடிக்குள் துப்பினார்.

மெற்றில்டா குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

"தேத்தண்ணியில என்ன பிழை?"

"ஒரு பிழையும் இல்லை."

"மணந்து பாத்தனீங்கள்."

"சும்மா."

"துப்பினனீங்கள்!"

"சூடு."

அடுத்த நாள் மெற்றில்டா ஆற வைத்துக் கொண்டுவந்தா. துப்பினார். அதற்கடுத்த நாள் தேயிலைக் கடையை மாற்றினா. துப்பினார். சீனி கூடவோ என்று குறைத்தா, குறையவோ என்று கூட்டினா, இஞ்சி தட்டிப் போட்டா. பிலேந்திரன் எல்லாவற்றையும் சுற்றி, மணந்து, தலையை ஆட்டி, துப்பினார். குரோட்டன் மட்டும் தளதளவென்று வளர்ந்தது. இத்தனை வருசமாக என் கையால் குடித்த மனுசனுக்கு இப்போது என் தேத்தண்ணி செடிக்கு ஊற்றத்தான் காணுமோ என்று மெற்றில்டாவுக்குப் பட்டது. போனில் தங்கச்சியிடம் அழுதேவிட்டா.

விறாந்தையில் இருந்த பிலேந்திரனுக்கு அழுகைச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அழுகையை விட அந்தச் சிரிப்புத்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

"இஞ்சாருங்கோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மெற்றில்டா வந்தா. "அது வைன் குடிக்கிற முறையாமே!"

பிலேந்திரன் கிளாசை ஒளிக்கப் பார்த்தார். காலுள்ள கிளாஸ் எங்கே ஒளியும்?

"மாதாவுக்குச் சொன்ன வாக்கு என்னெண்டு ஞாபகமிருக்கோ?"

இந்தக் கேள்விக்குப் பிலேந்திரன் மறுமொழி ஆயத்தமாக வைத்திருந்தார். "இருக்கு. 'தொண்டைக்குள்ள ஒரு சொட்டும் இறங்காது.' அதுதானே நீர் சொன்னது? தொண்டை எண்டுதானே சொன்னனீர், வாய் எண்டு சொல்லேல்லையே. வாயில வைச்சுத் துப்பினால் நேர்த்தி முறியுமோ? நீரே சொல்லும்."

மெற்றில்டா யோசித்தா. "முறியாதுதான்" என்றா.

"பாத்தீரே!"

"அப்ப சரி. அங்க போய் நீங்கள் ருசி பாருங்கோ. நான் பக்கத்திலயே நிக்கிறன். ஒவ்வொரு வாயும் வெளியில வருதோ எண்டு பாக்கிறன்."

பிலேந்திரன் வென்ற சந்தோசத்தில் சாய்ந்தவர், அப்படியே தோற்றுப்போய் எழும்பினார். சட்டம் பேசி வாய்க்கு வழி எடுத்தாயிற்று. தொண்டைக்கு? அவ பக்கத்தில் நின்றால் துப்பத்தான் வேண்டும். அவ நிற்கக்கூடாது. அதற்கு ஒரு வழி வேண்டும்.

வழி லூர்தில் இருந்து வந்தது.

பிரான்சில் இருக்கிற எங்கட சனம் மாதாவின் பிறந்த நாளுக்குப் பஸ் பிடித்து லூர்துக்குப் போகும். போக ஒரு நாள், நிற்க ஒரு நாள், வர ஒரு நாள். கலியாணம் முடிந்த கையோடு அந்தப் பஸ் வெளிக்கிடுகிறது. திராட்சை பிடுங்கி, மிதித்து, தோட்டக்காரர் விருந்து வைக்கிற நாளும் அதே நாள்தான் என்று அன்ரன் சொல்லியிருந்தார். மெற்றில்டா லூர்தில், பிலேந்திரன் தோட்டத்தில். ஆகா! பிலேந்திரன் ஒளித்திருந்து அன்ரனுக்கு வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். "சகலன், பஸ்சில ஒரு சீற் பிடியும். ஒண்டு காணும். மனிசிக்கு மட்டும். விசயம் எங்களுக்குள்ள இருக்கட்டும்."

சகலன் ரகசியம் காக்கிற ஆள். றெஜினாவைத் தவிர வேறு ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அன்று தொடக்கம் பிலேந்திரனுக்குப் பக்தி பொங்கியது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் தூணுக்குப் பின்னால் நிற்கிறவர் முன்வாங்கில் முழங்காலில் நின்றார். இரவுச் செபமாலையை அயல் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"மெற்றில்டா, பிரான்ஸ் வரைக்கும் போய் லூர்துக்குப் போகாமல் வந்தால் சனம் என்ன சொல்லும்?"

"பாலையூற்றில இருக்கிறதும் லூர்து மாதாதானே. மாதா ஒராள்தானே?"

"எண்டாலும் அது அவாவின்ர சொந்த இடமெல்லே."

"அவாவின்ர சொந்த இடம் நாசரேத்து."

பிலேந்திரன் தளரவில்லை. "மாதா காட்சி குடுத்த கெபி இருக்கு. ஊற்று இருக்கு. இரவில மெழுகுதிரிப் பவனி போகும், ஆயிரக் கணக்கில சனம். அந்தத் தண்ணியில ஒருக்கால் முழுகினால் உம்மட முழங்கால் நோ பறந்துபோம். கண்ணை மூடினால் எனக்கு அந்தக் கெபிதான் தெரியுது, மெற்றில்டா."

கண்ணை மூடினால் அவருக்குத் தெரிந்தது வேறு. மலைச் சரிவு. வரிசை வரிசையாகக் கொடி. பொன் வெயில். நடுவில் ஒரு வெறுங் கதிரை. கதிரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேசை. மேசையில் ஒரு கிளாஸ், அதற்குள் துறைமுகத்து அந்திச் சிவப்பு. அந்தக் கதிரையை நினைத்தவுடன் அவருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். பார்க்கிறவர்களுக்கு அது பக்தி மாதிரியே இருக்கும்.

கடைசியில் மெற்றில்டா இறங்கினா. "சரி, அப்ப ரெண்டு பேருமாய்ப் போவம்."

"அதில ஒரு சின்னக் கரைச்சல். பஸ்சில ஒரு சீற்தான் மிச்சமாம்."

"ஒண்டோ?"

"ஒண்டே ஒண்டு. பறவாயில்லை, நீர் போம். நான் உமக்காக விட்டுத்தாறன்."

மெற்றில்டா அவருடைய முகத்தைப் பார்த்தா. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிற பார்வை. பிறகு குசினிக்குள் போனா. பிலேந்திரன் அன்றைக்குப் பிளேன்ரீயைத் துப்பாமல் குடித்தார்.

பிளேன் ஏறுவதற்கு முதல் ஞாயிறு, பாலையூற்றில் பயணத்துக்குப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். பூசை முடிந்து கோயில் வாசலில் பாதரைச் சுற்றி பங்குச் சனத்தில் அரைவாசி நின்றது.

"பாதர், உங்களிட்ட ஒண்டு சொல்லவேணும்" என்று மெற்றில்டா தொடங்கினா. "இந்த மனுசன் லூர்து லூர்தெண்டு இரவு பகலா ஒரே புலம்பல். கண்ணை மூடினால் கெபி தெரியுதாம். ஒரு சீற்தான் கிடைச்சது. அதையும் எனக்கு விட்டுத்தரப் பாத்தவர். எனக்கு மனம் கேக்கேல்லை, பாதர். தங்கச்சிக்குச் சொல்லி அந்தச் சீற்றை இவற்ற பேருக்கு மாத்திப் போட்டன். நான் தங்கச்சி வீட்டில நிக்கிறன். அவர் போய் மாதாவைக் காணட்டும்."

பிலேந்திரனுக்குக் கோயில் மணி தலைக்குள் அடித்த மாதிரி இருந்தது. "ஐயோ மெற்றில்டா, வேண்டாம். நீர் போம்! உம்மட முழங்கால்..."

"பாத்தியளே பாதர், இப்பவும் விட்டுத்தாறன் எண்டு நிக்கிறார்."

பாதருக்குக் கண் கலங்கியது. பிலேந்திரனுடைய தலையில் கையை வைத்து, "குடும்பம் எண்டால் இப்பிடி இருக்கவேணும்" என்று எல்லோருக்கும் கேட்க ஆசீர்வதித்தார். கூட்டத்தில் நின்ற கிறேஸ் ரீச்சர் தன் புருசனை முழங்கையால் இடித்து, "பாத்துப் படியுங்கோ" என்றா. பெண்டுகள் கண்ணைத் துடைக்க லேஞ்சியை எடுத்தார்கள். பிலேந்திரனும் அழுதார். அவர் ஏன் அழுதார் என்று மாதாவுக்கும் மெற்றில்டாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

பிரான்சில் இருந்து திரும்பி வந்த அடுத்த நாள், ஜவ்பர் உள்துறைமுகக் கரையில் ஓட்டோவை நிற்பாட்டினார். இரண்டு பேரும் இறங்கி ஆளுக்கொரு பிளேன்ரீயோடு கல்லில் இருந்தார்கள். தண்ணீர் அசையவில்லை. தூரத்தில் கிண்ணியாப் பக்கம் ஒரு வள்ளம் போகிறதோ நிற்கிறதோ தெரியவில்லை.

"சொல்லுங்க அண்ண. தோட்டம் பாத்தீங்களா?"

"பாத்தனான்."

"எப்பிடி?"

"பஸ் யன்னலால."

ஜவ்பர் பிளேன்ரீயைக் கீழே வைத்தார். பிலேந்திரனே சொன்னார்.

"ரெண்டு பக்கமும் திராட்சை, ஜவ்பர். முடியவே முடியாது. ஒரு மலை ஏறும், இறங்கும், பேந்தும் திராட்சை. விடியப்புறப் புகாருக்குள்ள சனம் கூடையோட நிண்டு பிடுங்குது. வெயில் வந்து விழேக்க இலையெல்லாம் ஒரு பச்சை... அந்தப் பச்சைக்கு என்னட்டைச் சொல் இல்லை. பஸ்சுக்குள்ள செபமாலை. நான் யன்னலைப் பாத்துக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' எண்டு சொல்லுறன், கண்ணால தண்ணி ஓடுது. பக்கத்துச் சீற்றில இருந்த அம்மா, இப்பிடி ஒரு பக்தியை நான் காணேல்லை எண்டு லேஞ்சி தந்தா."

"மறுகா?"

"மறுகா லூர்து. கெபி வடிவுதான், பொய் சொல்லக்கூடாது. இரவில அவ்வளவு மெழுகுதிரியும் ஒண்டா அசையேக்க நானும் உண்மையாத்தான் கும்பிட்டனான். ஆனால் மெற்றில்டா போன் எடுத்து, 'ஊற்றுத் தண்ணியில முழுகாமல் வரக்கூடாது, நீங்கள்தானே அப்பிடிச் சொன்னனீங்கள்' எண்டா. முழுகினன். ஐஸ், ஜவ்பர், ஐஸ்! வருத்தக்காரர் முழுகிச் சுகமாய்ப் போகினம். நான் சுகமாய்ப் போய் வருத்தத்தோட வந்தனான். மிச்சம் நிண்ட நாள் முழுக்க றெஜினா வீட்டில கம்பளிக்குள்ள கிடந்து மல்லித் தண்ணி குடிச்சதுதான். தடிமன். மூக்கு அடைச்சுப் போச்சு. வைனைக் கொண்டுவந்து மூக்கில ஊத்தினாலும் மணம் தெரியாது."

"அக்கா என்ன செஞ்சாங்க அந்த மூணு நாளும்?"

பிலேந்திரன் போனை எடுத்துக் கொடுத்தார். ஜவ்பர் ஒவ்வொரு படமாகத் தள்ளினார். புகாருக்குள் மெற்றில்டா நடக்கிறா. மெற்றில்டாவின் கையில் கூடை, கூடை நிறையத் திராட்சை. சீலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு மெற்றில்டாவும் றெஜினாவும் தொட்டிக்குள் நிற்கிறார்கள், இரண்டு பேருக்கும் சிரிப்பு. பீப்பாய்களுக்கு நடுவில் மெற்றில்டா. கடைசிப் படத்தில் ஜவ்பரின் விரல் நின்றது. மலைச் சரிவு. வரிசை வரிசையாகக் கொடி. பொன் வெயில். நடுவில் ஒரு கதிரை. அதில் கால் நீட்டிக்கொண்டு மெற்றில்டா. கையில் ஒரு கிளாஸ்.

"அது என்ர கதிரை, ஜவ்பர்" என்றார் பிலேந்திரன்.

ஜவ்பர் அவருடைய தோளில் கையைப் போட்டார். "அண்ண, சுவர்க்கத்தில வைன் ஆறே ஓடும் எண்டு எங்கட ஆக்கள் சொல்லுவாங்க. அங்க பாத்துக்கலாம்."

"அங்கயும் அவா பக்கத்தில நிப்பா" என்றார் பிலேந்திரன்.

வீட்டுக்கு வந்தார். பின்விறாந்தையில் சாய்மனைக் கதிரையோடு இன்னொரு கதிரையும் போட்டிருந்தது. நடுவில் சின்ன மேசை. மேசையில் காலுள்ள கிளாஸ் இரண்டு. மெற்றில்டா சூட்கேசுக்குள் இருந்து கலியாணச் சீலையை எடுத்து விரித்தா. அதற்குள் ஒரு போத்தல்.

பிலேந்திரன் அப்படியே நின்றார்.

"இருங்கோவன்" என்றா மெற்றில்டா. "தோட்டத்துக்கு உங்களைக் கொண்டுபோக ஏலாமல் போச்சு. அதுதான் தோட்டத்தைக் கொண்டுவந்தனான். மூக்கு இப்ப சுகமோ?"

"சுகம்" என்றார்.

சீனன்குடாப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. துறைமுகத் தண்ணீர் மஞ்சளாகிச் செம்மஞ்சளாகி, சிவக்கத் தொடங்கியது. மெற்றில்டா இரண்டு கிளாசிலும் ஊற்றினா. ஊற்றுகிற விதத்திலேயே தெரிந்தது, போத்தல் கழுத்தைக் கடைசியில் ஒரு திருப்புத் திருப்பினா. பழகின கை! இந்த மனுசிக்கா நான் வலை போட்டேன் என்று பிலேந்திரனுக்கு வெட்கமாக வந்தது. வெட்கத்தை விட அன்பு கூட வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த நேரம் அவருக்கு மெற்றில்டாவைப் போல ஒரு மனிசி இந்தத் திருகோணமலையிலேயே இல்லை என்றுதான் பட்டது.

"நான் பொய் சொல்லிப் போட்டன், மெற்றில்டா. அந்தச் சீற்..."

"தெரியும். அன்ரன் றெஜினாவுக்குச் சொல்ல, றெஜினா எனக்குச் சொன்னவள். பறவாயில்லை, விடுங்கோ. வெளிச்சத்தில பிடியுங்கோ, நிறத்தைப் பாருங்கோ."

பிடித்தார். கிளாசுக்குள் ஒரு துறைமுகம், வெளியே ஒரு துறைமுகம். எது எதற்குள் என்று தெரியவில்லை.

"சுத்துங்கோ."

சுற்றினார். பிளேன்ரீ இப்படிச் சுற்றாது. இது கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, இறங்க மனமில்லாமல் இறங்கியது.

"மணந்து பாருங்கோ."

மூக்கை விட்டார். மழை பெய்த மண். பழுத்த நாவல். பழைய அலுமாரியின் மரம். யன்னலுக்கு வெளியே ஓடிப்போன அந்த மலை முழுக்க ஒரு மூச்சில் திரும்பி வந்தது.

"இப்ப ஒரு வாய் எடுங்கோ. உடன விடாமல், நாக்கில உருட்டுங்கோ."

எடுத்தார். உருட்டினார். முதலில் புளித்தது, பிறகு துவர்த்தது, பிறகு எங்கேயோ பின்னால் ஒரு இனிப்பு மெல்லக் கதவைத் திறந்தது. பிலேந்திரன் கண்ணை மூடினார். கொடிகள் அசைந்தன. கதிரை அவருடையது. பொழுது அவருடையது. இறங்குதுறைக்கு அங்கால் ஒரு கப்பல் ஊதியது. இவ்வளவுதான் வேண்டும். இனி ஒரு விழுங்கல், அவ்வளவுதான்.

காலடியில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தார். மெற்றில்டா குரோட்டன் சாடியை இழுத்து அவருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தா.

"இப்பத் துப்புங்கோ" என்றா.

பிலேந்திரன் வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஏதோ சொன்னார்.

"ஏன் முழிக்கிறியள்? நீங்கள் சொன்ன நியாயம்தானே. வாயில வைச்சால் முறியாது, தொண்டையால இறங்கினால் முறியும். நான் மாதாவுக்கு வாக்குக் குடுத்தனான். துப்புங்கோ."

அவர் மெற்றில்டாவின் கிளாசைக் கையால் காட்டினார். அது அரைவாசி காலியாக இருந்தது.

"நான் நேர்த்தி வைச்சது உங்கட தொண்டைக்கு" என்றா மெற்றில்டா. "என்ர தொண்டைக்கில்லை." சொல்லிவிட்டு, சாய்மனைக் கதிரையில் கால் நீட்டி, துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் ஆறுதலாகக் குடித்தா.

கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்று ஊரில் சொல்லுவார்கள். பிலேந்திரனுக்கு வாய்க்கும் எட்டியது. விழுங்கினது குரோட்டன்.